எட்டு ஸ்க்ரூ

ஆறு பத்துக்கு அலாரம் அடிக்கிறது. அது அவள் வைத்த நேரம். எனக்கு ஏழு மணிக்கு எழுந்தால் போதும். ஆறு பத்துக்கு எழுந்து, ஏழு வரைக்கும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். பிறகு பல் துலக்குவேன். காபி போடுவேன். ஒருவருக்கு எவ்வளவு பால் வேண்டும் என்பது எட்டு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. இப்போதெல்லாம் மீதியாவதில்லை.

குளித்துவிட்டு சட்டைக்கு இஸ்திரி போடுவேன். காலரும் கைகளும் மட்டும். மற்றதை வேலை செய்யும்போது கட்டும் ஏப்ரன் மறைத்துவிடும்.

கடைசியாகக் கூடத்துக்கு வந்து கிடார்களைத் துடைப்பேன். இரண்டு கிடார்கள், இரண்டும் கறுப்பு. ஒன்று சுவரில் கொக்கியில் தொங்குகிறது. இன்னொன்று சோபாவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. ஸ்டாண்டில் இருப்பதை எடுத்துச் சுதி சேர்த்து வைப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. சுதி சேர்க்கத் தெரியும். சுவரில் இருப்பதைத் துடைப்பதோடு சரி. பிறகு கதவைப் பூட்டிவிட்டு எட்டு இருபது பஸ்ஸைப் பிடிப்பேன்.

நான் வேலை செய்யும் கடையில் எலெக்ட்ரிக் கிடார் விற்கிறார்கள். விலை உயர்ந்தவை கண்ணாடிக்கு உள்ளே, மற்றவை வெளியே. பின்னறையில் என் மேசை. புதிதாக வரும் ஒவ்வொரு கிடாரும் பெட்டி பிரித்தவுடன் என்னிடம்தான் வரும். விரல்கள் ஓடுகிற நீளமான பகுதியை நெக் என்போம். அதன் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகள் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் தலைமயிர் அளவு தூக்கிக்கொண்டிருந்தாலும் கம்பி அதில் உரசி இரையும். அதைத் தட்டி, ராவி, மெருகு போட்டு, கம்பிகளின் உயரத்தைச் சரிசெய்து கண்ணாடிக்கு உள்ளே அனுப்புவேன். வாங்க வருகிறவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் கம்பெனி கம்பெனிதான்" என்பார். நான் பின்னறையில் அரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், என் முதலாளி இன்னும் அதன் விற்பனையாளர். அவர்களுடைய ஒரு கிடார் விலையில் ஓடுகிற நிலையில் உள்ள பழைய கார் ஒன்று வாங்கலாம். அந்தப் பெட்டி வரும் நாளில் நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். அவ்வளவு வேலை இருக்கும்.

இதை ஒருமுறை முதலாளியிடம் சொன்னேன்.

"முதலாளி, வெளிய தொங்குதே பேரில்லாத கிடார், அதுல ஃப்ரெட் இதைவிட நல்லா உக்காந்திருக்கு."

"தெரியும்ப்பா."

"விலை பத்துல ஒரு பங்கு."

"அதனாலதான் எவனும் அதை மதிக்க மாட்டேங்கறான். ஏத்திப் பாக்கட்டுமா?"

நிஜமாகவே ஒரு வாரம் ஏற்றிப் பார்த்தார். அதுவரை திரும்பிப் பார்க்க ஆளில்லாதது இரண்டு விற்றது. பயந்துபோய் விலையை இறக்கிவிட்டார்.

அவள் முதன்முதலில் கடைக்கு வந்ததும் அந்தக் கம்பெனி கிடாரோடுதான். அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் பட்டம் வாங்கியதற்காக, நல்லது எது என்று கேட்காமல், பெரிய பெயர் எது என்று மட்டும் விசாரித்து வாங்கிவந்திருந்தார்.

"இது பன்னெண்டாவது ஃப்ரெட்ல இரையுது" என்றாள்.

பார்த்தேன். பன்னிரண்டு மட்டுமல்ல, ஒன்பதும் பதினான்கும் தூக்கியிருந்தன.

"சரி பண்ணிடலாம். ரெண்டு நாள் ஆகும்."

"புதுசுங்க இது. பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல."

"புதுசுன்னா மூணு நாள்."

சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அந்த வருடம் நான்கு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் சரிசெய்தேன். வெயில் மாறினால் நெக் மறுபடி வளைந்தது. நாலாவது முறை நானாகத்தான் அந்த யோசனையைச் சொன்னேன். பெயரில்லாத கிடாரின் நெக்கைக் கழற்றி இவளுடைய கிடாரின் உடம்பில் மாட்டலாம். உடம்பை நாங்கள் பாடி என்போம். நெக்கைப் பாடியோடு பிடித்திருப்பது வெறும் நாலு ஸ்க்ரூ. பெயரில்லாதவன் பெயருள்ளவனை அளந்துதான் செய்கிறான், துளைகள் பிசகாமல் பொருந்தும்.

"இது கொஞ்சம் ஒல்லியான நெக். உங்க கை சின்னது. இதுதான் சரி" என்றேன்.

"கையெல்லாம் அளந்து வச்சிருக்கீங்க?"

"அளக்கல. பாத்தேன்."

"அது வேறயா" என்றாள்.

அவள் வாசித்துப் பார்த்தாள். எங்கும் இரையவில்லை. பெயரில்லாததை முழுசாக விலைக்கு வாங்கி, இரண்டு நெக்குகளையும் இடம் மாற்றச் சொன்னாள். மாற்றினேன். அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து நெக்கைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியின் பெயர் பொறித்திருப்பது நெக்கின் உச்சியில். ஆகவே பெயர் நெக்கோடு போய்விட்டது. வீட்டில் சுவரில் தொங்குவதில் பெயர் இருக்கிறது, கம்பெனிப் பாடி இல்லை. ஸ்டாண்டில் நிற்பதில் கம்பெனிப் பாடி இருக்கிறது, பெயர் இல்லை. அவள் வாசித்தது ஸ்டாண்டில் இருந்ததை. ஐந்து வருடம்.

மாமாவிடம், அதாவது அவள் அப்பாவிடம், நாங்கள் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். பெயர் தெரியும்படி தொங்குகிறதா என்று. அவருக்காக அவள் அதை எடுத்து ஏதாவது வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "பாத்தீங்களா மாப்ள, பேருன்னா பேருதான்" என்பார். எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. நான் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அவள் பின்னாலேயே வந்து கதவோரம் நிற்பாள். "எங்கப்பாவும் மெக்கானிக்கு, கட்டிக்கிட்டதும் மெக்கானிக்கு. என் ஜாதகத்துல ஸ்பானரைத் தவிர வேற ஒண்ணும் இல்ல" என்பாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் இசை ஆசிரியையாக இருந்த பள்ளியில், மூன்றாவது பீரியடில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். மூளையில் ஒரு ரத்தக்குழாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பேரு என்ன, டாக்டர் பேரு என்ன.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட கடைசியா என்ன சொல்லிட்டுப் போனா?" என்றார். சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பாவைப் பாத்துக்கோன்னு சொன்னா" என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடி சொன்னது வேறு. அது கிடாரைப் பற்றியது. சாயங்காலத்துக்குள் செய்யும்படி ஒரு வேலை சொன்னாள். அன்று சாயங்காலம் வேறு வேலைகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கிடார் சமாச்சாரம் பேச முடியாது. அங்கே என்ன தேவையோ அதைச் சொன்னேன். அது ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு நாளில் அது ஒரு கம்பெனிப் பெயரைப்போல ஊரறிந்ததாகிவிட்டது.

போன வியாழக்கிழமை மாமா போன் செய்தார்.

"மாப்ள, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மாமா."

"ஸ்கூல்ல மியூசிக் ரூமுக்கு நம்ம பாப்பா பேரு வைக்கறாங்க. உள்ள கண்ணாடிப் பெட்டி. அதுல அவ கிடார். நான் வாங்கிக் குடுத்தது."

"சரி மாமா."

"கீழ பித்தளைத் தகடு. மொதல்ல கம்பெனி பேரு, அப்புறம் அவ பேரு, அதுக்குக் கீழ 'அப்பாவைப் பார்த்துக்கொள்'னு. நீங்க சொன்னீங்களே, அது. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். பெட்டிக்கு அளவு குடுத்தாச்சு."

நான் சரி என்றேன். எனக்கு அந்தச் சொல் சுலபமாக வரும்.

அன்று மத்தியானமே எங்கள் வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டி அவருடைய நன்கொடை. அந்தக் கம்பெனி கிடார் பதினொன்று வைத்திருக்கிறார். வாசிப்பதில்லை, கை அழுக்கு பட்டுவிடுமாம். உள்ளே தொங்கிய ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத் தட்டுவதுபோல.

"கேட்டீங்களா? மரம் மூச்சு விடுது. இதெல்லாம் பேரில்லாததுல வருமா?"

"வராது டாக்டர்" என்றார் முதலாளி.

"புதன்கிழமை உங்க சம்சாரத்தோட கிடாரை நானே தொறக்கப் போறேன் தம்பி. நெக்கைக் கழட்டினா, அடியில பாடிப் பள்ளத்துல கம்பெனி முத்திரை இருக்கும், தேதியோட. அதை போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டுப் பெட்டிக்குள்ளயே வைக்கறோம். தலைமையாசிரியர், எல்லாரும் வராங்க. இப்ப போலி ரொம்ப வருது பாருங்க."

"வருது டாக்டர்" என்றேன்.

அவர் போனதும் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். சுவரில் தொங்குவதன் பள்ளத்தில் முத்திரை கிடையாது, ஒரு பார்கோடு ஸ்டிக்கர்தான் இருக்கும். புதன்கிழமை பத்துப் பேர் முன்னால் மாமா போலி வாங்கி ஏமாந்தவர் ஆகிவிடுவார்.

"மாத்திடு. நாலு ஸ்க்ரூதானே?"

"எட்டு."

"என்ன எட்டு?"

"ரெண்டு கிடார் முதலாளி. எட்டு ஸ்க்ரூ."

"ஒனக்குத்தான் ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு. வேணும்னா சனிக்கிழமை லீவு எடுத்துக்கோ" என்றார்.

சனிக்கிழமை லீவு எடுத்தேன். ஸ்டாண்டில் இருப்பதை மேசையில் துணி விரித்துக் கிடத்தினேன். அந்த நெக்கின் பின்பக்கம், நடுவில், அவள் கட்டைவிரல் இருந்த இடத்தில் மெருகு தேய்ந்து மரம் வெளுத்திருக்கிறது. ஒரு பட்டாணி அளவு. எதிரே பாடியில் அவள் முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் இன்னொன்று. நெக்கை மாற்றினால் ஒன்று இந்தக் கிடாரிலும் மற்றது அந்தக் கிடாரிலுமாகப் போய்விடும். அவள் வாசித்த கிடார் என்று ஒன்று அப்புறம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் பாதி, சுவரில் பாதி இருக்கும்.

கம்பிகளைத் தளர்த்தி நாலு ஸ்க்ரூவையும் எடுத்து நெக்கைத் தூக்கினேன். பள்ளத்தில் நீல மையில் முத்திரை. தேதி. கூடவே, கோணம் சரியாக இருக்க நானே அன்று வெட்டி வைத்த விசிட்டிங் கார்டு துண்டு. கடிதம் எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

நெக்கை அதே இடத்தில் வைத்து அதே ஸ்க்ரூக்களை முடுக்கினேன். சுதி சேர்த்து ஸ்டாண்டில் வைத்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மாமா வந்தார். துவைத்த போர்வை ஒன்று கொண்டுவந்திருந்தார், கிடாரைச் சுற்ற. காபி குடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்தார். பிறகு சுவரில் இருப்பதைக் கொக்கியிலிருந்து எடுத்தார்.

"மாமா, அதுல ஒரு விஷயம் இருக்கு."

"என்ன?"

"பேரு மட்டும்தான் கம்பெனியோடது. பாடி வேற."

அவர் கிடாரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஸ்டாண்டில் இருந்ததையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூவின் தலையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நேத்து தொறந்திருக்கீங்க. கீறல் புதுசா இருக்கு."

"ஆமா."

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு முறை சரிசெய்தது, நெக் மாற்றியது, பல் டாக்டர் திறந்தால் என்ன ஆகும் என்பது வரைக்கும். போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அஞ்சு வருஷமா, நான் கண்ணை மூடிக் கேட்டதெல்லாம்?"

"பாதி கம்பெனி மாமா."

"ரெண்டு பேரும் சேந்து என்னைக் கோமாளியாக்கி இருக்கீங்க."

"நான் சமையல்கட்டுல இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"எனக்கு என்ன மாப்ள பாட்டு தெரியும்? பேரு தெரியும். டிப்போல முப்பது வருஷம். கம்பெனி பேரு இல்லாத பிரேக் லைனிங்கை நான் தொட மாட்டேன். நல்லதா இருக்கலாம், எனக்கென்ன? அம்பது பேரு உள்ள உக்காந்திருக்கான். பேரு எதுக்குன்னா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் போய் கேக்கறதுன்னு தெரியணும். அதுக்குத்தான் பேரு."

போர்வையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"என்னுது அவளுக்குப் புடிக்கவே இல்லையா?"

"ஃப்ரெட் சரியில்ல மாமா."

"ஃப்ரெட்டைக் கேக்கல. கடைசி வரைக்கும் அந்தப் பேரில்லாததைத்தான் வாசிச்சாளா?"

"கடைசி வரைக்கும்."

தலையாட்டினார். சுவர்க் கிடாரை மறுபடி கொக்கியில் மாட்டினார். பெயர் நேராக இருக்கும்படி கொஞ்சம் திருப்பிவிட்டார். பழக்கம்.

"ரெண்டையும் நீங்களே வச்சுக்கோங்க. அவளுக்கு எது புடிச்சுதோ அது இங்கயே இருக்கட்டும். ஸ்கூல்ல நான் சொல்லிக்கறேன். பெட்டியில வேற ஏதாவது வைப்பாங்க."

போர்வையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பைத் தேடினார். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஸ்டாண்டில் இருப்பது முழுசாக என்னிடம் இருக்கும். நான் சொன்ன நெக்தான் சரியான நெக் என்பதும் இருக்கும். எட்டு மாதமாக அந்த இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு செருப்பைப் போட்டுவிட்டார். அவள் நின்ற அதே இடம்.

"மாமா, அவ கடைசியா சொன்னது அது இல்ல."

"எது?"

"பித்தளைல போடப் போறீங்களே, அது. அது நான் சொன்னது."

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

"தகட்டுக்காரன்கிட்ட எழுதிக் குடுத்தாச்சே" என்றார்.

"மாத்தச் சொல்லணும்."

"பின்ன என்னதான் சொன்னா?"

நான் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். முதலில் கம்பியைத் தளர்த்த வேண்டும் என்றேன். அது என்னுடைய வேலை என்பதால் நானே தளர்த்தினேன். ஸ்க்ரூக்களை அவர் கழற்றினார். செய்தித்தாளை விரித்து, நாலு ஒரு பக்கம், நாலு ஒரு பக்கம், எது எந்தத் துளையில் இருந்ததோ அந்த வரிசையில் வைத்தார். டிப்போவில் அப்படித்தானாம். முத்திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேதியை இரண்டு முறை வாசித்தார். அவருடைய நெக்கைப் பள்ளத்தில் வைத்து நான் அழுத்திப் பிடித்தேன். அவர் முடுக்கினார். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரத்துக்கு முடுக்குவதுபோல.

சுதி சேர்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் லேசாக இரைந்தது.

"இரையுதே" என்றார்.

"ரெண்டு நாள் குடுங்க. சரி பண்ணிடறேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள யாருக்கும் கேக்காது, இருந்தாலும்."

"இருந்தாலும்" என்றார் அவரும்.

மற்ற கிடாரைச் சுவரில் மாட்டினேன். நெக்கின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தக் கடைசி மாதங்களில் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, இடது கட்டைவிரலை அதில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பாள். ஒல்லியான நெக்கைப் பிடிக்கக் கட்டைவிரல் அதிகம் அழுத்த வேண்டும். தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். என் அளவுகோல்களில் ஃப்ரெட்டுக்கு ஒன்று இருந்தது, கம்பி உயரத்துக்கு ஒன்று இருந்தது.

மாமா கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு காலில் செருப்பு இருந்தது.

"இப்ப சொல்லுங்க மாப்ள."

அவள் சொன்னபடியே சொன்னேன்.

"மெக்கானிக், இந்த ஒல்லி நெக் வேணாம், கட்டைவிரல் விட்டுப்போகுது. சாயங்காலம் எங்கப்பாவோடதையே திரும்ப மாட்டிடு. அவர்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத, தலைகால் புரியாது அவருக்கு."